உழுவும் துன்னுவும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிச்சாட்டூர் அணை நிரம்பிவிட்டால் ஊத்துக்கோட்டை மக்கள் ஆற்றின் மீது ஒரு கண் வைத்திருப்பார்கள். ஆரணியாறு அந்த அணையைத் தாண்டி, சுருட்டப்பள்ளிக் கோயிலை ஒட்டி ஓடி, தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பழவேற்காட்டுப் பக்கம் கடலைச் சேர்கிறது. இந்தப் பக்கத்தில் எல்லைக்கோடு பலமுறை நகர்ந்திருக்கிறது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி, எல்லைத் தகராறை ஆராய்ந்த படாஸ்கரின் பரிந்துரையின்படி, திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்தின் சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. 2022 ஏப்ரலில் பிச்சாட்டூர் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கோடு எங்கே விழுந்தாலும், நெல்லும் வேர்க்கடலையும் கரும்பும் விளையும் அந்த நிலங்களில் தமிழும் தெலுங்கும் அடுத்தடுத்த வரப்பில் நின்று பேசிக்கொண்டேதான் இருக்கின்றன.

'ஏம்பா, கழனி உழுதாச்சா?' என்று ஒரு வரப்பில் கேட்கிறார்கள். அடுத்த வரப்பில் அதே கேள்வி, 'சேனு துன்னினாவாப்பா?' முதல் எழுத்தைப் 'பந்து' என்ற சொல்லில் வரும் 'து' போல மென்மையாக ஒலிக்க வேண்டும். உழு, துன்னு. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் உகரத்தைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

இனி ஐரோப்பாவின் வடகிழக்குக்குப் போவோம். பால்டிக் கடலோரத்து லித்துவேனியாவில், உழவர்கள் பல நூறு ஆண்டுகள் பயன்படுத்திய மரக்கலப்பைக்கு 'ஆர்க்லஸ்' என்று பெயர். உழுவதற்கு அவர்கள் மொழியில் 'ஆர்தி'. இலத்தீனில் உழுவது 'அராரே'; பழைய ஆங்கிலத்தில் 'எரியன்'. நம் ஏரை நினைவூட்டாமல் இவற்றில் எதையும் படிக்க முடியாது. தமிழிலும் ஏர், அங்கேயும் ஏர் என்று மனம் துள்ளுகிறது.

உண்மை நேர்மாறாக இருக்கிறது. ஒட்டே இல்லாத உழுவும் துன்னுவும் ஒரே சொல். ஒன்றுபோல ஒலிக்கும் ஏரும் எரியனும் ஒன்றுக்கொன்று யாரோ எவரோ. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது மொழியியல் என்ற அறிவியலின் ஆகச் சிறந்த சாதனைகளில் ஒன்று. தமிழில் சொல்லாராய்ச்சி மீது ஆர்வம் உள்ளவர்கள் ஏராளம். ஆனால் இந்த முறையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பிச்சாட்டூர் வயலில் கிடைக்கும் கருவிகளை வைத்தே அதைப் பேசிவிடலாம்.

முதலில் ஆர்க்லஸ். லித்துவேனிய மொழிக்கு உலக மொழியியலில் தனி மதிப்பு உண்டு. இன்று பேசப்படும் இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் பழைய ஒலிகளையும் வேற்றுமை உருபுகளையும் மிக அதிகமாகக் காப்பாற்றி வைத்திருப்பது அதுதான். மகன் அதில் 'சூனுஸ்', வடமொழியில் 'சூனு'. புகை 'தூமஸ்', வடமொழியில் 'தூம'. நெருப்பு 'உக்னிஸ்', நாம் அறிந்த அக்னி. லித்துவேனிய உழவரின் பேச்சில் வேதகாலச் சொற்களின் சாயல் கேட்கிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் வியந்ததற்குக் காரணம் இருந்தது.

உழுதல் என்ற வினையோடு கருவிப்பெயர் விகுதி சேர்ந்ததுதான் ஆர்க்லஸ். 'உழுவது' என்பது பொருள். இலத்தீனில் அதே வினை, அதே வகை விகுதி சேர்ந்து 'அராத்ரும்'. கிரேக்கத்தில் 'அரோத்ரோன்', வெல்ஷ் மொழியில் 'அராதர்', லாத்விய மொழியில் 'ஆர்க்ல்ஸ்'. இலத்தீனில் தகரம் இருக்கும் இடத்தில் லித்துவேனியத்தில் ககரம் இருப்பதைக் கவனியுங்கள். அது இந்தச் சொல்லுக்கு மட்டும் நேர்ந்த விபத்து அன்று. பழைய மொழியில் 'த்ல' என்று வந்த இடங்கள் லித்துவேனியத்தில் 'க்ல' ஆகிவிட்டன. கருவிப்பெயர் விகுதி முழுவதுமே அப்படித்தான் மாறியிருக்கிறது. இந்த ஒழுங்குதான் நமக்கு வேண்டியது. அதற்குத் திரும்பி வருவேன்.

ஆர்க்லஸிலிருந்து இன்னொரு சொல்லும் பிறந்தது. லித்துவேனியத்தில் குதிரை 'ஆர்க்லீஸ்'. அதாவது கலப்பைக்கு உரிய விலங்கு. பெண்குதிரைக்கு அவர்களிடம் 'அஷ்வா' என்ற பழைய சொல் இருந்தது, வடமொழி அசுவத்தின் உடன்பிறப்பு. போருக்கும் தேருக்கும் போன விலங்கு உழவுக்கு வந்தபோது அதன் பெயரே மாறிவிட்டது. அங்கே குதிரையின் பெயரையே உழவு கொடுத்திருக்கிறது. இங்கே ஏர் என்ற ஒரே சொல் கலப்பையையும் பூட்டிய இரண்டு மாடுகளையும் சேர்த்தே குறிக்கிறது.

லித்துவேனியத்துக்கும் வடமொழிக்கும் இவ்வளவு நெருக்கம் என்றால், ஆர்க்லஸுக்கு வடமொழியில் ஒரு சோடி இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. வடமொழியில் உழுவதற்கு 'கிருஷ்' என்ற வினை. இழுத்தல் என்பதிலிருந்து வந்த பொருள். கலப்பைக்கு சீர, ஹல, லாங்கல என்று மூன்று பெயர்கள். விளைநிலத்தைக் குறிக்கும் 'உர்வரா' என்ற சொல்லைச் சிலர் ஆர்தியின் வேரோடு சேர்ப்பதுண்டு. ஆனால் உழும் வினையும் கருவியின் பெயரும் அந்த வேரிலிருந்து இந்தோ-ஈரானியக் கிளைக்கு வரவே இல்லை. லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குஸ் குரோனனும் குழுவினரும் 2022-இல் தானியப் பெயர்களையும் உழவுச் சொற்களையும் இந்தோ-ஐரோப்பியக் கிளைகள் முழுவதிலும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐரோப்பியக் கிளைகள் பொதுவாக வைத்திருக்கும் உழவுச் சொற்களில் மிகச் சிலவே இந்தோ-ஈரானியத்தில் இருக்கின்றன. புல்வெளியில் மந்தை மேய்த்தபடி கிழக்கே நகர்ந்த மக்களின் மொழி அது என்பதற்கு இது ஒரு சான்று. கலப்பையின் பெயர் வரவில்லை. வண்டி மாட்டின் கழுத்தில் கிடந்த நுகத்தின் பெயர் வந்தது. லித்துவேனியத்தில் அது 'யுங்கஸ்', இலத்தீனில் 'யுகும்', வடமொழியில் 'யுகம்'. நாம் சொல்லும் நுகம் இந்த யுகத்திலிருந்து வந்திருக்கலாம் என்பார் உண்டு. திராவிடச் சொல்லே என்பாரும் உண்டு.

இப்போது ஏருக்கு வருவோம். பரோவும் எமனோவும் தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் (முதல் பதிப்பு 1961, இரண்டாம் பதிப்பு 1984) ஏருக்குத் தனிப் பதிவு இருக்கிறது. தமிழ், மலையாளம், கன்னடம், குடகு, துளு, தெலுங்கு என்று தென்னாட்டில் மட்டுமல்ல, மத்திய இந்தியக் காடுகளில் பேசப்படும் கோண்டியிலும் ஒடிசா மலைகளில் பேசப்படும் குவியிலும் அது உண்டு. தெலுங்கில் 'ஏரு'. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டி ஆந்திரத்தில் மாட்டுக்குப் பொட்டு வைத்து முதல் உழவு ஓட்டும் நாள் 'ஏருவாக புன்னமி'. நம் பக்கத்தில் சித்திரையில் பொன்னேர் பூட்டுவதைப் போன்றது. ஏட்டுக் கல்வி எட்டாத மலைமொழிகளிலும் கடலோர மொழிகளிலும் ஒரே சொல் இருக்கிறது என்றால், அந்த மொழிகள் பிரியும் முன்பே அது இருந்திருக்க வேண்டும்.

ஐரோப்பாவிலிருந்து அதற்கும் முன்னால் கடன் வந்திருக்கக்கூடாதா? கருவியின் பெயர் கடனாக வர வேண்டும் என்றால் நடுவே ஒரு வழி வேண்டும். அந்த வழியில் நிற்க வேண்டிய வடமொழியிலும் ஈரானிய மொழிகளிலும் அப்பெயர் இல்லை என்று இப்போதுதான் பார்த்தோம். ஆகவே ஏரும் ஆர்தியும் ஒலிப்பில் ஒத்திருப்பது தற்செயல்.

தற்செயல் என்றதும் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டால் வேறு வழியில்லை. ஏர் என்பது ஓர் உயிரும் ஒரு ரகரமும் மட்டுமே. உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள். ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கில் சொற்கள். ஒலிகளோ சில டசன். இவ்வளவு குறுகிய சொற்கள் எங்காவது மோதிக்கொள்ளாமல் இருந்தால்தான் வியப்பு. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழியை ஆராய்ந்த டிக்சன், அதில் நாய்க்குப் பெயர் 'டாக்' என்று கேட்டுத் திகைத்தார். ஆங்கிலேயரிடம் கற்ற சொல் அன்று அது. பக்கத்து மொழிகளில் 'குடக' என்று இருந்த சொல், அந்த மொழிக்கே உரிய விதிகளின்படி தேய்ந்து அப்படி ஆகியிருந்தது.

பிச்சாட்டூருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அடுத்த ஊர் நாகலாபுரம், வேதநாராயணர் கோயில் உள்ள ஊர். தெலுங்கில் கலப்பை 'நாகலி'. இரண்டையும் சேர்த்து, உழவர்கள் ஊர் என்று பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை கட்டுவது எளிது. ஆனால் அந்தப் பெயர் கிருஷ்ணதேவராயரின் தாய் நாகலாதேவியின் பெயரால் வந்தது என்பதே மரபு. ஆந்திர ஊரும் ஆந்திரக் கருவியும் அண்டை வீட்டுக்காரர்களாக இருந்தும், ஒலியின் ஒற்றுமையால் உறவு ஏற்படவில்லை.

தமிழ்-கொரியம், தமிழ்-ஜப்பானியம், தமிழ்-சுமேரியம் என்று பட்டியல் போடுகிறவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. மொழிமீது கொண்ட அன்புதான் அவர்களை அந்த வேலைக்கு அழைத்துப் போகிறது. ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தம் வாழ்நாளில் பெரும்பகுதியைத் தமிழ்-ஜப்பானிய ஒப்பீட்டுக்குக் கொடுத்தார். ஆனால் பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. காரணம் ஒன்றுதான்: ஒத்த சொற்கள் எத்தனை என்பது சான்று ஆகாது. வேறுபாடுகள் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதே சான்று.

வேறுபாட்டில் ஒழுங்கு என்றால் என்ன என்பதைப் பிச்சாட்டூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றே காட்டலாம். தமிழில் கோழி, தெலுங்கில் 'கோடி'. தமிழில் ஏழு, தெலுங்கில் 'ஏடு'. கூழ் அங்கே 'கூடு', சோற்றைக் குறிக்கும். பாழ் அங்கே 'பாடு'. தமிழின் ழகரம் சொல்லின் நடுவிலோ இறுதியிலோ நின்றால் தெலுங்கில் டகரமாகிறது, முறை தவறாமல். இப்போது கலப்பையின் கைப்பிடியைப் பிடியுங்கள். உழவன் கையில் இருக்கும் அந்த மரம் தமிழில் மேழி. தெலுங்கில் 'மேடி'. விதி தெரிந்த ஒருவர் தெலுங்குச் சொல்லைக் கேட்காமலே முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அறிவியலுக்கு உரிய பண்பு இதுதான். மேழி சாதாரணப் பொருளும் அன்று. இடைக்காலத்தில் வேளாண் பெருமக்களின் அமைப்பு சித்திரமேழிப் பெரியநாடு என்றே தன்னை அழைத்துக்கொண்டது. அவர்களின் கல்வெட்டுகளில் கலப்பைச் சின்னம் காணப்படுகிறது.

இன்னொரு விதி. பழந்தமிழில் யாறு, யானை, யாண்டு என்று யகரத்தோடு தொடங்கிய சொற்களை நாம் இன்று ஆறு, ஆனை, ஆண்டு என்கிறோம். தெலுங்கு அதே சொற்களை 'ஏரு', 'ஏனுகு', 'ஏடு' என்று ஆக்கிக்கொண்டது. ஆகவே தெலுங்கில் ஏர் என்னும் பொருளில் ஒரு ஏரு, ஆறு என்னும் பொருளில் ஒரு ஏரு. பழைய எழுத்தில் ஆற்றின் ஏருவுக்கு வல்லின றகரம். அந்த வேறுபாடு மறைந்து இரண்டும் ஒன்றாகக் கேட்கின்றன. ஒரே மொழிக்குள், ஒரே ஒலியில், பிறப்பே வேறான இரண்டு சொற்கள்.

இனி உழு எப்படித் துன்னு ஆனது என்று பார்க்கலாம். தெலுங்கில் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விந்தையான மாற்றம் பரவியது. உயிரெழுத்தில் தொடங்கி, அடுத்து ர, ல, ழ போன்ற நாநுனி ஒலியோ வகரமோ வரும் பல சொற்களில், அந்த மெய் முன்னால் தாவி உட்கார்ந்துகொண்டது. உயிர் பின்னால் போனது. தமிழில் அவர், தெலுங்கில் 'வாரு'. இவர், 'வீரு'. உள், 'லோ'. மாவாட்டும் உரல் அங்கே 'ரோலு'. பேச்சுத் தமிழில் இரண்டு 'ரெண்டு' ஆவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் தாவல் முற்றிலும் புதிதாக இருக்காது.

ழகரத்துக்கும் இதே கதிதான். ஆதித் தெலுங்குக் கல்வெட்டுகளில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்தது. கடப்பைப் பக்கம் கிடைத்த ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிலிருந்தே தெலுங்கு எழுதப்பட்ட வரலாறு நமக்குத் தெரிகிறது. இறங்குவதைக் குறிக்கும் 'இழி' தெலுங்கில் முன்பின்னாகி, ழகரம் முதலில் வந்து, அது டகரமாகி, பிறகு தகரமாக மென்மையடைந்து 'திகு' ஆனது. பேருந்து நடத்துநர் 'திகண்டி' என்று சொன்னால் 'இறங்குங்கள்' என்று பொருள். அதற்குள் இருப்பது நம் இழிதான். உழுவும் அதே பாதையில் போனது. உழு என்ற வேரோடு னகர விகுதி சேர, ழகரம் முன்னே தாவ, 'ழுன்னு' என்று ஆகி, பின் 'டுன்னு', பின் 'துன்னு'. அதே வேரோடு ககர விகுதி சேர்ந்தது 'துக்கி'. தெலுங்கில் உழவு என்று பொருள். 'துக்கி துன்னு' என்று அவர்கள் சொல்லும்போது இரண்டு சொல்லிலும் உழு ஒளிந்திருக்கிறது.

இந்த மாற்றத்தை வினைச்சொற்கள் முழுவதற்கும் விளக்கிக் காட்டியவர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி (1928–2012). ஓங்கோலில் பிறந்த அவர் 1961-இல் வெளியிட்ட தெலுங்கு வினையடிகள் பற்றிய நூல் திராவிட மொழியியலின் அடிக்கற்களில் ஒன்று. நூலக மேசையோடு நின்றவர் அல்லர் என்பது எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தெலுங்கு நாட்டு ஊர்களில் உழவர்கள் வாயில் புழங்கும் தொழிற்சொற்களைத் திரட்டி, 'மாண்டலிக விருத்தி பதகோசம்' என்ற வட்டாரத் தொழிற்சொல் அகராதியை ஆந்திரப் பிரதேச சாகித்திய அகாதெமி வழியாகக் கொண்டுவந்தார். 1962-இல் வெளியான முதல் தொகுதி முழுவதும் வேளாண்மைதான். கலப்பைக்கு நாகலி என்று புத்தகத் தெலுங்கு சொல்கிறது. ராயலசீமைக்காரர் 'மடக' என்கிறார். இரண்டுக்கும் அந்த மரபில் சம மதிப்பு. நம் பக்கத்தில் இந்த வேலையைக் கரிசல் மண்ணுக்குச் செய்து கொடுத்தவர் கி. ராஜநாராயணன்; அவருடைய வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வந்தது.

துன்னுவின் கதையில் என்னை மிகவும் கவர்ந்த இடம் ஆரணியாற்றங்கரையில் இல்லை, போலந்தில் இருக்கிறது. ஸ்லாவிய மொழிகளின் மூதாதை மொழியில் கலப்பைக்கு 'ஓர்த்லோ' என்ற வடிவம் இருந்தது. ஆர்க்லஸின் நெருங்கிய பங்காளி. ஸ்லாவியர் நாக்கிலும் உயிரும் ரகரமும் இடம் மாறின. 'ஓர்' என்பது 'ரா' ஆனது. இன்று போலந்து மொழியில் அந்தக் கருவி 'ராத்வோ', ரஷ்யாவில் 'ராலொ'. உழு துன்னு ஆனதும், உரல் ரோலு ஆனதும், ஓர்த்லோ ராலொ ஆனதும் ஒரே மாதிரியான நகர்வு. தெலுங்கரும் ஸ்லாவியரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. மனித நாக்கும் காதும் ஒன்று என்பதால் ரகர லகரங்களை ஒட்டி நிற்கும் உயிர்கள் உலகெங்கும் இப்படி நழுவுகின்றன. சொற்களின் வடிவம் ஒத்திருப்பதைவிட, மாற்றத்தின் போக்கு ஒத்திருப்பதில்தான் மனித இனம் முழுவதற்கும் பொதுவான ஏதோ ஒன்று தெரிகிறது.

பிச்சாட்டூர்க் கலப்பையின் மற்ற உறுப்புகளையும் தொட்டுப் பார்க்கலாம். மண்ணைக் கீறும் இரும்பு தமிழில் கொழு; கன்னடத்தில் 'குள'. தெலுங்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை, அங்கே 'கர்ரு'. அதற்கு உறவான 'காறு' தமிழ் அகராதிகளில் கொழு என்ற பொருளோடு இன்றும் கிடக்கிறது, பேச்சில் இல்லை. கதிர் அறுக்கும் அரிவாள் தெலுங்கில் 'கொடவலி'. நம் கொடுவாளின் கொடு, வளைவு என்ற பொருளோடு அதற்குள் இருக்கிறது. பொருள் நழுவிய சொல்லும் உண்டு. தெலுங்கில் 'பார' என்றால் மண்வெட்டி. தமிழில் பாரை என்றால் கடப்பாரை. 'பார கொண்டு வா' என்று தெலுங்கில் கேட்டதற்குத் தமிழ்க் கூலியாள் கடப்பாரையைத் தூக்கிவந்தால் அது அவர் பிழை அன்று.

நாகலிக்கும் நாஞ்சிலுக்கும் வந்தால் கதை நாடு கடந்துவிடும். இரண்டும் ஒரே சொல் என்பதில் ஐயமில்லை. கன்னடத்தில் 'நேகில்', கோண்டியில் 'நாங்கெல்'. கன்னடத்தின் 'கிவி' தமிழில் செவி ஆனதுபோல, ககரம் இகரத்தின் முன் சகரமாகி நாஞ்சில் ஆனது. பலராமனின் படைக்கலமாகச் சங்கப் பாடல்களிலும், குமரி மாவட்டத்து வளமான நாட்டின் பெயராகவும் அது நின்றுவிட்டது. இதே சொல் வடமொழியில் 'லாங்கல'. ரிக்வேதத்தின் நான்காம் மண்டலத்தில், வயலைப் போற்றும் பாடலில் வருகிறது. மராத்தியில் 'நாங்கர்'. இன்னும் கிழக்கே போங்கள். சந்தாலியில் 'நாஹெல்', காசி மலைகளில் 'லிங்கோர்', கம்போடியாவின் கெமர் மொழியில் 'அங்கல்', மலாயில் 'தெங்காலா'. மராட்டியத்திலிருந்து மலாயா வரை ஒரே கருவி, ஒரே சொல், நான்கு மொழிக்குடும்பங்கள்.

இது உடன்பிறப்பும் அன்று, தற்செயலும் அன்று. கருவியோடு கைமாறிப் பயணம் செய்த சொல். எங்கே கிளம்பியது என்பதில்தான் வழக்கு. பிரெஞ்சு அறிஞர் பிரிசிலுஸ்கி கிழக்கிலிருந்து, முண்டா-கெமர் குடும்பத்திலிருந்து வந்தது என்றார். கிருஷ்ணமூர்த்தி அதைத் திராவிடக் கூட்டுச்சொல்லாகவே கண்டார். மைக்கேல் விட்செல் போன்றோர் சிந்துவெளிப் பக்கத்தில் பேசப்பட்டு மறைந்துபோன மொழிகளின் சுவடாகப் பார்க்கிறார்கள். தமிழில் லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியர் காலத்து விதி. லகரத்தில் தொடங்கிய சொல் நம்மிடம் அப்படியே நுழைய முடியாது; நகரமாக மாறி நுழைந்திருக்கலாம். வெளியிலிருந்து வந்தது என்பாருக்கு இது சாதகம். நகர வடிவம் தென்னாட்டு மொழிகளிலிருந்து மத்திய இந்தியக் காடுகள் வரை உறுதியாக வேரூன்றியிருப்பது எதிர்த்தரப்புக்குச் சாதகம். எனக்குக் கிழக்கு வழியே கூடுதல் வலுவாகப் படுகிறது. அங்கேதான் ஒரே குடும்பத்தின் தொலைதூரக் கிளைகளில் சொல் இவ்வளவு விதமாகப் பிரிந்து கிடக்கிறது.

மறைந்த மொழி என்பது வெறும் கற்பனை அன்று. மொழியியலாளர் காலின் மாசிகா 1979-இல் இந்தியின் வேளாண் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வடமொழியும் அல்லாமல், திராவிடமும் முண்டாவும் அல்லாமல், அறியப்பட்ட எந்தக் குடும்பத்திலும் அடங்காமல் நின்றது. சிந்துவெளி மக்கள் உழுத நிலத்தை அகழாய்வு காட்டியிருக்கிறது. ராஜஸ்தானின் காளிபங்கனில், 1960-களில் நடந்த அகழாய்வில், ஏறத்தாழ கி.மு. 2800-ஐச் சேர்ந்த உழுத வயல் ஒன்று வெளிப்பட்டது. ஒரு திசையில் சால்கள் ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியில், குறுக்கே 190 செ.மீ. இடைவெளியில். அரியானாவின் பனவாலியில் சுடுமண்ணால் செய்த சிறிய கலப்பை ஒன்று கிடைத்தது. அதன் வளைந்த உடலைப் பார்த்தால் நம் நாட்டுக் கலப்பை வேறு எங்கிருந்தோ வந்தது என்று சொல்ல மனம் வராது. அதைச் செய்தவர் அதற்கு என்ன பெயர் சொன்னார் என்பது சுடுமண்ணில் இல்லை. லாங்கல என்ற சொல்லின் பழைய வடிவம் அவர் வாயில் இருந்திருந்தால் நான் வியக்கமாட்டேன்.

ஒன்று மிஞ்சியிருக்கிறது: கலப்பை. இது தமிழிலும் மலையாளத்திலும் வழங்குவது. ஏரைப்போலப் பரவியதும் இல்லை, நாஞ்சிலைப்போல நாடு சுற்றியதும் இல்லை. சங்க காலத்தில் கலப்பை என்பது உழுகருவியே அன்று. கலம் என்பது கருவி. பை என்பது பை. பாணர்கள் யாழும் முழவும் கட்டித் தூக்கிச் சென்ற இசைக்கருவிப் பை அது. புறநானூற்றின் 206-ஆம் பாடலில் ஔவையார் தம் கலப்பையைச் சுருக்கிக்கொண்டு கிளம்புவதாகச் சொல்வது அந்தப் பையைத்தான். நிலத்தை உழும் கலப்பையாகப் படித்தால் பாடலே விளங்காது. கருவித் தொகுதி என்ற பொதுப்பொருள் வழியாக அது வயலுக்கு இறங்கி, காலப்போக்கில் ஏரையும் நாஞ்சிலையும் ஓரங்கட்டிவிட்டது.

இன்று அது இன்னொரு தாவல் தாவியிருக்கிறது. டிராக்டரின் பின்னால் மாட்டும் இரும்புச் சட்டத்தைத் தமிழ்நாட்டு உழவர்கள் 'அஞ்சு கலப்பை', 'ஒம்போது கலப்பை' என்கிறார்கள். வட்டத் தட்டு வைத்தது 'சட்டிக் கலப்பை', ஆழமாகக் கீறுவது 'உளிக் கலப்பை'. தெலுங்கிலும் பல் வைத்த பழைய 'கொர்ரு' என்ற பெயரே டிராக்டர்க் கருவிக்கு ஏறியிருக்கிறது. மேழிக்கும் மேடிக்கும் டிராக்டரில் இடமில்லை. பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டியதில்லை. நுகத்தடியும் ஏர்க்காலும் அப்படியே. பொருள் போனபின் பத்திருபது ஆண்டு வரை சொல் தாத்தாக்களின் வாயில் இருக்கும். ழகரமும் டகரமும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் அந்தச் சோடிகளைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டிய காலம் அதுதான்.

லித்துவேனியரின் ஆர்க்லஸும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பை வெளியிலிருந்து வந்தபோது 'ப்ளூகஸ்' என்ற அதன் பெயரும் சேர்ந்தே வந்தது. ஆர்க்லீஸ் மட்டும் குதிரையின் பெயராக நிற்கிறது. கலப்பையை இழுக்கும் இயந்திரத்துக்கு அவர்கள் இன்று சொல்வது 'டிராக்டோரியுஸ்'. இழுத்தல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து பிறந்து, ஆங்கிலம் வழியாக உலகம் சுற்றிய சொல் அது. பிச்சாட்டூரில் தமிழரும் தெலுங்கரும் அதையே டிராக்டர் என்கிறார்கள். ஆரணியாற்று வயலும் லித்துவேனிய வயலும் ஓர் உழவுச் சொல்லை ஐயத்துக்கு இடமின்றிப் பகிர்ந்துகொண்டது இதுதான் முதல் முறை.